நிலவேம்பா, கீழாநெல்லியா? எலி ஆய்வு சொல்றது

திருப்பாதிரிப்புலியூர் நாட்டு மருந்து கடைங்கள்ல ரெண்டும் பக்கத்து பக்கத்துல இருக்கும், ரெண்டுமே ஈரலுக்கு நல்லதுன்னு வாங்கிட்டு போறோம், ஆனா லேப்ல ரெண்டும் ஒண்ணு இல்லைங்க.

கீழாநெல்லி பக்கம் பெருசா பயமில்ல. கார்பன் டெட்ராகுளோரைடு குடுத்து ஈரலை கெடுத்த எலிங்களுக்கு இதோட சாறு குடுத்தா எஸ்ஜிபிடி (ஈரல் கெட்டா ரத்தத்துல ஏறுற என்சைம்) இறங்குது. ஹெபடைடிஸ் பி வைரஸை கண்டுபிடிச்சு 1976ல நோபல் வாங்குன புளூம்பெர்கோட குழு 1987ல வுட்சக்ங்கற பிராணிகிட்ட ஹெபடைடிஸ் வைரஸ் குறைஞ்சதா எழுதுனாங்க, ஆனா அப்புறம் மனுஷங்கள்ல பார்த்தப்ப எல்லா இடத்துலயும் அந்த பலன் வரல, அதனால காமாலைன்னா முதல்ல பிளட் டெஸ்ட் எடுத்துடுங்க.

நிலவேம்புலதான் விஷயமே இருக்கு. 1990ல வந்த ஆய்வுல ஆண் எலிக்கு தினம் 20 மில்லிகிராம் இலைப்பொடி 60 நாள் குடுத்தாங்க, விந்தணு உற்பத்தி அடிவாங்குச்சு. 1997ல சிலி நாட்டுக்காரங்க அதே 60 நாள், கிலோ எடைக்கு 1000 மில்லிகிராம் வரைக்கும் குடுத்தும் விதைப்பைல ஒரு கெடுதலும் பார்க்கல. முதல்ல குடுத்தது வெறும் பொடி, இவங்க குடுத்தது தரப்படுத்துன எக்ஸ்ட்ராக்ட், வித்தியாசம் அதுலயும் இருக்கலாம். எலி 200 கிராம்னா 20 மில்லிகிராம்ங்கறது கிலோவுக்கு 100, எலி டோஸை உடம்பு பரப்பு கணக்குல மனுஷனுக்கு மாத்த சுமாரா ஆறால வகுக்கணும், 60 கிலோ ஆளுக்கு ஒரு கிராம் பொடி வரும், அது நாம சாதாரணமா போடுற அளவுதான்!

என்னை கேட்டா காய்ச்சலுக்கு மூணு நாலு நாள் நிலவேம்பு குடிக்கலாம், மாசக்கணக்குல வேணாம், கர்ப்பமா இருக்கறவங்க, குழந்தைக்கு முயற்சி பண்றவங்க தொடவே வேணாம்.