கட்டிய வீடா, மனை வாங்கிக் கட்டுவதா?

பாளையங்கோட்டையைத் தாண்டி ரெட்டியார்பட்டி, கேடிசி நகர் பக்கமெல்லாம் புதுப்புது நகர்கள் வந்துவிட்டன. பில்டர் கட்டிய வீட்டை வாங்கலாம். இல்லை, மனை வாங்கி நாமே கட்டலாம்.

கட்டிய வீடென்றால் உடனே பால் காய்ச்சிக் குடிபோகலாம். வாடகையும் வங்கித் தவணையும் ஒன்றாகக் கட்டி மூச்சுத் திணற வேண்டாம். ஆனால் பெயிண்டுக்கு அடியில் இருப்பது தெரியாது. ரெரா (வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவு உள்ள திட்டமா என்று அவசியம் பாருங்கள். 2016 ரெரா சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும்.

மனையில் அஸ்திவாரம் முதல் எல்லாம் நம் கண்முன் நடக்கும். முத்திரைத்தாள் 7, பதிவு 2 சதவீதமும் மனை மதிப்புக்கு மட்டும்தான். கட்டிய வீட்டில் கட்டட மதிப்பும் சேரும். ஆனால் நாமே கட்டினால் சைட்டில் தினமும் ஆள் வேண்டும். கான்கிரீட் போட்ட மறுநாள் தண்ணீர் விட ஆளில்லாவிட்டால் வெடிப்புதான்.

எதுவானாலும் தண்ணீரை விட்டுவிடாதீர்கள். 2023 டிசம்பர் மழையில் அந்தத் தெருவில் வெள்ளம் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள். சுவரில் கறையைக் காட்டுவார். போர் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். மனைக்கு மேலே குளமும் மடையும் எங்கே இருக்கின்றன என்பதைக் கிராம வரைபடத்தில் பாருங்கள்.

வீட்டில் ஒருவர் ஊரோடு இருந்தால் மனையே என் தேர்வு. சென்னையிலோ துபாயிலோ வேலை என்றால் கட்டிய வீடு சரி. அட்வான்ஸுக்கு முன்பு, பில்டருக்குத் தெரியாத ஒரு இன்ஜினியரைக் கூட்டிப்போங்கள்.