பந்துக் காளான்: பஃப்பாலா, எர்த்பாலா?

மழை விட்ட மறுநாள் நீலகிரியின் பைன் காட்டுக்குள் நடந்தால், உதிர்ந்த ஊசியிலைகளுக்கு நடுவே எலுமிச்சம்பழ அளவில் உருண்டைகள் தென்படும். நமக்குப் பழகிய குடை வடிவம் இவற்றுக்குக் கிடையாது. எல்லாவற்றையும் பந்துக் காளான் என்று சொல்லிவிட்டு நகரத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். அவற்றில் ஒன்று பஃப்பாலாக இருக்கலாம். அதை இளசாகப் பறித்துப் பல நாடுகளில் சமைக்கிறார்கள். பக்கத்தில் இருப்பது எர்த்பாலாக இருக்கலாம். அதைத் தின்றால் சில மணி நேரத்துக்குள் வயிற்றுவலியும் வாந்தியும் வரும், சிலர் மயங்கியும் விழுவார்கள்.

உருவம் ஒத்துப்போனாலும் இவை நெருங்கிய உறவு இல்லை. பஃப்பால், நாம் கடையில் வாங்கும் பட்டன் காளானின் வரிசையைச் சேர்ந்தது. எர்த்பாலோ, குடைக்கு அடியில் செவுள் எனும் மெல்லிய தகடுகளுக்குப் பதிலாக நுண்துளைகள் கொண்ட பொலீட் காளான்களின் சொந்தம். நீலகிரி பைன் வேர்களோடு கூட்டு வாழ்க்கை நடத்தும் காளான்களில் ஸ்கிளிரோடெர்மா சிட்ரினம் என்ற எர்த்பாலும் ஒன்று. உலகெங்கும் பரவிய லைக்கோபெர்டான் பெர்லேட்டம் என்ற பஃப்பாலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் தோல். பஃப்பாலின் மேல் சின்னச் சின்னக் கூம்பு முட்கள் இருக்கும், விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். உதிர்ந்த இடத்தில் வலைப்பின்னல் போலத் தடம் நிற்கும். அடிப்பக்கம் குறுகிக் காம்பு மாதிரி நீளும். எர்த்பாலுக்கு மஞ்சள் கலந்த பழுப்பு நிறம், ஓடு வேய்ந்தது போலத் தடித்த செதில்கள். தேய்த்தாலும் எளிதில் போகாது. காம்பு என்று சொல்ல ஒன்றும் இல்லாமல், பூசண இழைகளால் மண்ணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஸ்கிளிரோடெர்மா என்ற பெயருக்கே கெட்டித் தோல் என்றுதான் பொருள். அழுத்திப் பார்த்தால் அது விரலுக்குப் புரியும்: பஃப்பால் பஞ்சு போல அமுங்கும், எர்த்பால் கல் மாதிரி நிற்கும்.

நானும் வெகுகாலம் தோலை மட்டும் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். அது போதாது. மழை அடித்து முட்கள் உதிர்ந்த பஃப்பாலும், செதில் சரியாக வெடிக்காத இளம் எர்த்பாலும் ஏமாற்றும். கத்தியை எடுத்து உச்சியிலிருந்து அடி வரை நேராக இரண்டாகப் பிளந்தால்தான் விஷயம் தெரியும். இளம் பஃப்பாலின் உள்ளே ஒரே சீரான வெள்ளை இருக்கும், தோல் மெல்லியது. முற்ற முற்ற அந்த வெள்ளை மஞ்சளாகி, ஆலிவ் பச்சையாகி, கடைசியில் பழுப்புத் தூளாகும். மஞ்சள் தட்டத் தொடங்கிய உடனேயே அது சாப்பிட ஆகாது. எர்த்பாலில் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள வெள்ளைத் தோல், வெட்டிய இடத்தில் இளஞ்சிவப்பாக மாறும். உள்ளே ஊதா கலந்த கறுப்பு, அதில் பளிங்குக் கல்லில் ஓடுவது போல வெள்ளைக் கோடுகள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. மிக இளம் எர்த்பாலும் உள்ளே வெள்ளைதான். ஆகவே ‘வெள்ளையாக இருந்தால் பஃப்பால்’ என்ற விதியை நம்பிப் பறிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நிறத்தைவிடத் தோலின் தடிமனையும் சதையின் கெட்டித்தன்மையையும்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

இதைவிட ஆபத்தான மூன்றாவது ஆள் அமானிட்டா. குடை விரியும் முன் அது முட்டை வடிவில் வெள்ளையாக மண்ணில் கிடக்கும். பிளந்து பார்த்தால் உள்ளே குடை, செவுள், காம்பு ஆகியவற்றின் கோட்டுருவம் தெரியும். அந்த இனத்தில் கல்லீரலை அழித்து உயிரைப் பறிப்பவையும் உண்டு. அவற்றைத் தின்றால் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றுமே தெரியாமல் இருந்துவிட்டு அப்புறம் வாந்தி, பேதி தொடங்கும். குறுக்கே வெட்டினால் அந்தக் கோட்டுருவம் கண்ணில் படாமல் போகலாம். நேராகப் பிளக்கச் சொல்வது அதனால்தான்.

சரி, கெட்டித் தோல் என்றாலே விஷமா? அப்படியும் இல்லை. ஜார்க்கண்டில் மழைக்காலத் தொடக்கத்தில் சால் மரங்களுக்கு அடியில் கிளறி எடுக்கும் ருக்ராவும், சத்தீஸ்கரின் பஸ்தரில் போடா என்று விற்பதும் அஸ்ட்ரேயஸ் என்ற உருண்டைக் காளான்கள். தோல் கடினம்தான், ஆனாலும் இளசை ஆசையாகக் குழம்பு வைக்கிறார்கள். சால் காட்டில் தலைமுறை தலைமுறையாகப் பழகிய கண்ணுக்கு அது சரி. அதே கண்ணோடு பைன் காட்டுக்கு வந்து உருண்டை பொறுக்கினால் கையில் சிக்குவது எர்த்பாலாக இருக்கக்கூடும்.

தூளாகும் வயதில் இரண்டையும் பிரிப்பது சுலபம். பஃப்பாலின் உச்சியில் சின்ன வாய் திறந்திருக்கும், மழைத்துளி விழும்போதெல்லாம் அதன் வழியாக வித்துத் தூள் புகையாகக் கிளம்பும். எர்த்பாலுக்கு வாய் கிடையாது, தோல் கண்டபடி கிழிந்து திறக்கும். குழந்தைகள் உதைத்து விளையாடும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 1994-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பஃப்பால் தூளை மூக்கால் உறிஞ்சிய பதின்வயதினர் எட்டுப் பேருக்கு நுரையீரல் அழற்சி வந்தது.

மழைக்காலம் முடிந்து காடு காய்ந்த பிறகும் தேடலாம். எர்த்பால் இருந்த இடத்தில் ஓரம் கிழிந்த தடித்த கிண்ணம் ஒன்று கிடக்கும். பஃப்பால் இருந்த இடத்தில் காகிதம் போன்ற பையும் பஞ்சு மாதிரியான அடிக்கட்டையும் மிஞ்சியிருக்கும்.