பிரஸ் நின்றுவிட்டால்: பாரத்தை இறக்குவதா, செட்டை உடைப்பதா, றெப்பைக் கூட்டுவதா?

என் பிரஸ் 45 கிலோவுக்கு மேல் ஏறாமல் ஏழு கிழமையாக நின்றது. நின்றபடி பாரை, அதாவது தட்டுப் போட்ட இரும்புக் கம்பியை, தோளிலிருந்து தலைக்கு மேல் தள்ளும் பிரஸைத்தான் சொல்கிறேன். ஒரு தரம் தள்ளி இறக்குவது ஒரு றெப், ஆறாமல் செய்யும் றெப்கள் சேர்ந்து ஒரு செட். ஐந்து செட், செட்டுக்கு ஐந்து றெப் செய்ய வேண்டும். கொப்பியில் எழுதியிருப்பதோ 5, 5, 4, 3, 3. கடைசி செட்டில் பார் நெற்றி வரை வந்து அங்கேயே தங்கிவிடும். முதுகு பின்னால் வளையத் தொடங்கும். அந்த வளைவு பழைய வில்லங்கம். அதை நடுவர்கள் ஒழுங்காகத் தீர்ப்பிட முடியாமல் போனதாலும்தான் 1972க்குப் பிறகு ஒலிம்பிக் பளுதூக்கலிலிருந்து பிரஸை எடுத்தார்கள்.

மற்றப் பயிற்சிகள் ஏறும்போது பிரஸ் மட்டும் முதலில் நிற்பதற்குக் கணக்கே காரணம். யாழ்ப்பாணத்தில் நான் போகும் ஜிம்மில் ஆகச் சிறிய தட்டு 1.25 கிலோ. இரண்டு பக்கமும் போட்டால் 2.5. பாரைத் தோளில் வைத்துக் குந்தி எழும்பும் ஸ்குவாட்டில், நூறு கிலோவுக்கு அது 2.5 வீதம்தான், 45 கிலோ பிரஸுக்கு ஐந்தரை வீதத்துக்கு மேல். தோளுக்கு அது பெரிய பாய்ச்சல்.

எல்லோரும் முதலில் சொல்வது, பத்து வீதம் இறக்கித் திரும்ப ஏறு என்பது. 45ஐ 40 ஆக்கி, கிழமைக்கு 2.5 கூட்டினால் மூன்றாம் கிழமை பழைய இடம். உடம்பு களைத்திருந்தால் இது நல்ல வழி. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் எங்கள் வீட்டில் மச்சம் (மீன், இறைச்சி) இல்லை; நான் பயறு, கடலையைக் கூட்டிச் சாப்பிடாமல் விட்டால் பாரம் தானாக விழும். அந்த நேரத்தில் இறக்குவதுதான் சரி. ஆனால் சாப்பாடும் நித்திரையும் ஒழுங்காக இருக்கும்போது இரண்டு தரம் இறக்கிப் பார்த்தேன். இரண்டு தரமும் அதே 45இல் வந்து நின்றது.

றெப்பைக் கூட்டும் வழியில் 37.5 கிலோவில் நான்கு செட், செட்டுக்கு எட்டில் தொடங்குவது. எல்லா செட்டிலும் பத்து வந்தபிறகே 2.5 கூட்டுவது. சிறிய தட்டு இல்லாத குறை இதில் தெரியாது, தோளுக்குத் தசையும் வைக்கும். ஆனால் பாரமாகத் தள்ளும் பழக்கம் கொஞ்சம் விட்டுப்போகும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே பத்து றெப் என்றால் தோளுக்கு முன் மூச்சு முடிந்துவிடும்.

எனக்குப் பிடித்தது செட்டை உடைப்பது. எட்டு செட், செட்டுக்கு மூன்று. மொத்தம் 24 றெப், பழைய 25க்கு ஒன்றுதான் குறைவு. ஆனால் எந்த செட்டும் களைத்துப்போகும் இடம் வரை போகாது. ஒவ்வொரு றெப்பும் நேராக ஏறும். முதல் நாளே 45இல் 24உம் முடிந்தது. நடுவில் இரண்டு நிமிட ஆறுதல் வேண்டும். பின்னேரம் ஒரே பாருக்குப் பெடியள் வரிசையில் நிற்கும்போது இது கஷ்டம்தான். நான் விடியப் போகிறேன்.

இதோடு பாரத்தையும் சிறிதாகக் கூட்ட வேண்டும். சைக்கிள் கடையில் பழைய செயின் கேட்டு வாங்கினேன். ஒரு முழுச் செயினும் இன்னொன்றில் அரைவாசியும் சேர்ந்து ஏறத்தாழ அரைக் கிலோ. பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்து அரைக் கிலோத் துண்டுகளாக வெட்டினேன். பக்கத்துக்கு ஒன்றாகத் தட்டுக்கு வெளியே சுற்றிக் கட்டி, கிளிப்பைப் போட்டுவிடலாம். கிழமைக்கு ஒரு கிலோ.

"அண்ணை, எனக்கும் இதுதானோ?" என்று ஒரு தம்பி கேட்டான். அவனுடைய கொப்பியில் முதல் செட்டே 3. தம்பி, உனக்கு முதலில் இறக்கு, நல்லாய்ச் சாப்பிடு என்றேன். முதல் இரண்டு செட் சரியாக வந்து பிறகு விழுகிறவர்களுக்குத்தான் எட்டு மூன்று. கை மெலிந்து, ஐந்து றெப்புக்கு மேல் செய்தே பழகாதவர்கள் றெப்பைக் கூட்டட்டும்.

ஐந்தாம் கிழமை 49இல் எட்டு மூன்று முடித்தேன். அதற்கடுத்த கிழமை 45இல் பழைய ஐந்து ஐந்து. கொப்பியில் 5, 5, 5, 5, 5.