மார்பகச் சீரமைப்பு கோடிங்: சென்னையில் நான் போன வகுப்பு

அமெரிக்க மருத்துவமனைகளின் சர்ஜரி சார்ட்களைப் படித்து, ஒவ்வொரு சிகிச்சைக்கும் இன்சூரன்ஸ் பில்லுக்கான எண்ணை (சிபிடி கோட்) போடும் வேலைக்குத் தயாராகத்தான் இந்த வகுப்பில் சேர்ந்தேன். மார்பகச் சீரமைப்புக்கு, அதாவது நீக்கிய மார்பகத்தை மறுபடி உருவாக்கும் சர்ஜரிக்கு, இரண்டு நாள் ஒதுக்கினார்கள், அது மட்டும் உண்மையிலேயே அருமை.

மார்பகத்தை நீக்கிய அதே நாளில் இம்பிளான்ட் (உள்ளே வைக்கும் செயற்கை மார்பகம்) வைத்தால் 19340, வேறொரு நாளில் வைத்தால் 19342 என்று மனப்பாடம் செய்ய விடாமல், ஆபரேஷன் குறிப்பைக் கையில் கொடுத்து எங்களையே தேடச் சொன்னார் மேடம். வயிற்றுத் திசுவை ரத்தக்குழாயோடு முழுசாக வெட்டியெடுத்து மைக்ரோஸ்கோப் உதவியோடு நெஞ்சில் இணைத்தால் 19364, இணைப்பு அறாமல் அப்படியே மேலே நகர்த்தினால் 19367 என்று போர்டில் படம் வரைந்து காட்டிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. எக்ஸ்பாண்டர் (தோலை மெல்ல விரிக்கும் பை) வைக்கும் 19357-லேயே பின்னால் உப்பு நீர் ஏற்றுவதும் அடங்கிவிடும், தனியாக பில் செய்யக் கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னார்.

ஆனால் அச்சடித்துக் கொடுத்த நோட்ஸ் மோசம். 2021-லேயே நீக்கப்பட்ட 19366 என்ற கோட் இன்னும் அதில் இருக்கிறது, பணம் கட்டிப் படிக்கிறவர்களுக்கு இது நியாயமே இல்லை. தப்பான கோட் போனால் இன்சூரன்ஸ் க்ளெய்ம் திரும்பிவிடும், புற்றுநோயோடு போராடி வந்த ஒரு பெண்ணுக்குத்தான் அந்த அலைச்சல்.

மேடத்துக்காகச் சேரலாம். நோட்ஸை நம்பாதீர்கள், அந்த வருஷத்து சிபிடி புத்தகத்தை வாங்கிவிடுங்கள்.