மாதவிடாய் நின்ற பிறகு: வாக்கிங்கா, வெயிட்டா?

ஐம்பதைத் தொட்ட பெண் யாரைக் கேட்டாலும் "வாக்கிங் போங்க" என்பார்கள். தப்பில்லை, ஆனால் போதாது. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததும் தொடையில் சேர்ந்துவந்த கொழுப்பு வயிற்றில் சேரத் தொடங்குகிறது. சர்க்கரை மேல் இன்சுலினின் பிடி தளர்கிறது, எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு ஏறுகிறது, தசையும் எலும்பும் தேய்கின்றன. எடை மெஷின் பழைய எண்ணையே காட்டும். பாவாடை நாடா மட்டும் எட்டாது. இந்தியப் பெண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 80 செ.மீ. தாண்டினாலே எச்சரிக்கைதான்.

நடைக்குச் செலவில்லை. ராத்திரி சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடியில் கால்மணி நேரம் நடந்தாலே சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை எகிறுவது குறையும். துணைக்கு ஆள் இருந்தால் மனசும் லேசாகும். பேச முடியணும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். கடை கடையாக நின்று நடப்பது கணக்கில் வராது! ஆனால் கை, தோள், முதுகுத் தசைகளுக்கு நடையால் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை.

எடைப்பயிற்சி பலம் காட்டுவது அங்கேதான். இன்சுலின் ரத்தத்திலிருந்து வெளியேற்றும் சர்க்கரையில் பெரும்பங்கு போய்ச் சேருமிடம் தசை. தசை குறைந்தால் சர்க்கரைக்கு இடமும் குறையும். ஆஸ்திரேலியாவில், எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்கள் பயிற்சியாளர் மேற்பார்வையில் வாரம் இரண்டு முறை, அரைமணி நேரம் கனமான எடை தூக்கினார்கள். 8 மாதத்தில் முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. மனச்சோர்வு விஷயத்திலும் எடைப்பயிற்சி பின்தங்கவில்லை. 33 ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வந்த அலசலில், எடைப்பயிற்சி செய்தவர்களுக்கு மனச்சோர்வு அறிகுறிகள் குறைந்தன. பலம் பெரிதாகக் கூடாதவர்களுக்கும்தான்.

ஜிம் கூச்சமா? நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுங்கள், சுவரைத் தள்ளுங்கள், தண்ணீர் பாட்டிலைத் தூக்குங்கள். பன்னிரண்டு தடவை சுலபமாக வந்தால் எடையைக் கூட்டுங்கள். மூச்சை அடக்காதீர்கள். பிபி, எலும்புத் தேய்வு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்கவும்.

யோகா? தூக்கத்துக்கு நல்லது, ஆனால் எடைப்பயிற்சிக்கு மாற்றாகாது.

உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் கேட்கிறது: வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி, கூடவே இரண்டு நாள் தசைப்பயிற்சி. ஒன்றுமே செய்யாதவர் நடையில் தொடங்கட்டும். வருஷக்கணக்கில் நடந்தும் வயிறு அசையவில்லையா, இரண்டு நாள் நடையை எடைப்பயிற்சிக்குக் கொடுங்கள். உடம்பு திடீரென்று கொதித்து ராத்திரித் தூக்கமே கெடுகிறது, அல்லது இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லை என்றால் இந்த ஒப்பீடே அப்புறம். முதலில் டாக்டரிடம் போங்கள். ஹார்மோன் சிகிச்சை ஒத்துவருமா என்பதையும் அங்கேயே கேட்கலாம்.