அண்டர் கவரோடு சில வருஷங்கள்: வீட்டிலேயே கார் வேலை பார்க்கிறவனின் அனுபவம்

வீட்டிலேயே ஆயில் மாற்றுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஆயில் மாற்றுவது பெரிய வேலையே இல்லை. அதற்கு முன்னால் கழற்றி, பின்னால் மாட்ட வேண்டிய, எஞ்சினுக்கு அடியை மூடியிருக்கும் அந்த அண்டர் கவர்தான் பாதி நாளைத் தின்கிறது. என்னிடம் முதலில் இருந்த காரில் கெட்டி பிளாஸ்டிக் கவர், இப்போது இருப்பதில் அழுத்திய கம்பளம் மாதிரி ஃபெல்ட் கவர். இரண்டோடும் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

"கழற்றித் தூக்கிப் போடு, இல்லாமலே ஓடும்" என்று நிறையப் பேர் சொல்வார்கள். ஓடும், இல்லையென்று சொல்லவில்லை. பழைய காரின் கவர் கிழிந்து, புதியது வந்து சேரும்வரை ஒரு மழைக்காலம் கவர் இல்லாமலே ஓட்டினேன். தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறும்போதெல்லாம் பெல்ட் கீச்சிட்டது. பானெட்டைத் திறந்தால் புல்லி, ஆல்டர்னேட்டர் எல்லாவற்றிலும் சேறு. சாலை இரைச்சலும் கூடியது. காருக்கு அடியில் காற்று தடங்கலில்லாமல் வழுக்கிப் போகவும், முன்பக்கம் நுழையும் காற்று ரேடியேட்டர் வழியாக ஒழுங்காகப் போய் வெளியேறவும் சேர்த்துத்தான் அந்தக் கவரை வடிவமைக்கிறார்கள். அதனால் கவர் இருந்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

கவரை விட அதைப் பிடித்திருக்கும் கிளிப்புகள்தான் உண்மையான தலைவலி. பிளாஸ்டிக் கிளிப்பில் முக்கியமாக இரண்டு ஜாதி. ஒன்றில் நடுவில் இருக்கும் ஆணியின் தலைக்கு அடியில் நெம்ப ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். தட்டை ஸ்குரூடிரைவரை அங்கே கொடுத்து ஆணியை வெளியே கிளப்பினால் கிளிப் தளர்ந்துவிடும். இன்னொன்றின் முகம் சமமாக இருக்கும், நெம்ப இடமே இருக்காது. அதன் நடுவை மெல்ல உள்ளே அழுத்த வேண்டும், "டிக்" என்றதும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேலும் அழுத்தினால் ஆணி உள்ளே விழுந்துவிடும். அழுத்த வேண்டியதை நெம்பினாலும், நெம்ப வேண்டியதை அழுத்தினாலும் உடைவது நிச்சயம். திரும்ப மாட்டும்போது, அழுத்தும் வகையின் ஆணியைப் பின்பக்கமிருந்து தள்ளி முகத்துக்கு மேலே துருத்தும்படி வைத்துக்கொள்ள வேண்டும். துளையில் நுழைத்த பிறகு ஆணியை முகத்தோடு சமமாகும்வரை அழுத்தினால் போதும். கழற்றும் முன் பழைய பிரஷ்ஷால் தண்ணீர் விட்டு மண்ணைக் கழுவிவிட்டால் பாதி கிளிப்புகள் சண்டை போடாமல் வரும். போல்ட்டுகளைப் போட்டு வைக்கும் காந்தத் தட்டு இந்தக் கிளிப்புகளுக்கு உதவாது, தனியாக ஒரு டப்பா வேண்டும்.

போல்ட்டுகள் பெரும்பாலும் 10 எம்எம் சாக்கெட்டில் வரும். சில கார்களில் 8 எம்எம், சிலவற்றில் நட்சத்திரத் தலை. அவை ஏறுவது தகட்டின் விளிம்பில் செருகிய கிளிப் நட்டில். அது துருப்பிடித்துவிட்டால் போல்ட்டோடு சேர்ந்து நட்டும் சுற்றும். அப்போது நீள மூக்கு பிளையரால் நட்டைப் பிடித்துக்கொண்டுதான் திருப்ப வேண்டும். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் மரையில் துளி கிரீஸ் தடவுகிறேன், அதன் பிறகு இந்தத் தொல்லை குறைந்துவிட்டது. நீளம் வேறு வேறாக இருந்தால் எது எங்கே இருந்தது என்று ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். சமதரை, சக்கரத்துக்கு அடைப்பு, ஜாக்கி ஸ்டாண்ட் மூன்றும் வேண்டும். ஜாக்கியின் தலையைக் கவர் மீது வைக்கக் கூடாது, நொறுங்கிவிடும். கடைசி இரண்டு போல்ட்டுகளை எடுக்கும் முன் கவரின் ஒரு மூலையைத் தாழ்த்திப் பாருங்கள். மேலே தேங்கிய தண்ணீரும் மண்ணும் முகத்துக்கு நேராகத்தான் வரும். கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் நான் படுப்பதில்லை.

கழற்றியதும் உடனே கழுவிவிட வேண்டாம், முதலில் கவரின் மேல்பக்கத்தைப் படியுங்கள். தரை காய்ந்திருக்கிறதே, ஒழுகல் இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்போம். ஒழுகுவதையெல்லாம் இது மடியில் வாங்கி வைத்திருக்கும். கறுத்துப் பிசுபிசுப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில். பச்சையோ இளஞ்சிவப்போ கலந்து ஓரத்தில் வெள்ளையாகப் பொரிந்திருந்தால் கூலண்ட். கறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலே ஒழுகுகிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஓட்டத்தில் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளிவிடும், மூலம் பெரும்பாலும் சற்று முன்னால் இருக்கும். பழைய காரில் வாட்டர் பம்ப் கசிவதை இந்தத் தட்டுதான் எனக்கு முதலில் காட்டிக்கொடுத்தது, கூலண்ட் அளவு குறைந்தது தெரிவதற்கு முன்பே. ஃபில்டர் மாற்றும்போது நாமே சிந்திய ஆயிலைத் துடைத்துவிட்டு மாட்டினால்தான் அடுத்த முறை பார்ப்பதை நம்ப முடியும்.

இந்த விஷயத்தில் ஃபெல்ட் கவர் எனக்குப் பிடிக்கவே இல்லை. அமைதியாக இருக்கிறது, கல் பட்டால் சத்தம் கேட்பதில்லை, உண்மைதான். ஆனால் ஆயிலைக் குடித்துவிடும், துடைக்க முடியாது, சூட்டில் நாறும், கனம் ஏறித் தொங்கும். ஆயிலில் ஊறியது எக்ஸாஸ்ட் பக்கத்தில் இருந்தால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. அப்படி ஊறிவிட்டால் மாற்றிவிடுவதே சரி.

பழைய ஆயிலை வடிக்கத் திறக்கும் டிரெயின் போல்ட்டுக்கு நேராகக் கவரில் ஓட்டை வெட்டிக்கொள்ளும் பழக்கமும் எனக்கு உடன்பாடில்லை. அந்த ஓட்டை வழியாகச் சேறும் ஏறும், தட்டும் பலமிழக்கும். மேலிருந்தே ஆயிலை உறிஞ்சி எடுக்கும் பம்ப் வாங்கலாம், சுத்தமான வேலைதான். ஆனால் அதையே பழக்கமாக்கினால் அடியைப் பார்க்கும் வாய்ப்பே போய்விடும். நான் ஒருமுறை பம்ப், மறுமுறை கவரைக் கழற்றுவது என்று மாற்றி மாற்றிச் செய்கிறேன்.

துளை கிழிந்தால் அகலமான வாஷர் போட்டுச் சமாளிக்கலாம். விரிசலுக்குச் சாதாரணப் பசை எதுவும் ஒட்டாது, இந்தத் தட்டுகள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். விரிசலின் முனையில் சிறு துளை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்திவிட்டு, இரு பக்கமும் துளையிட்டு கேபிள் டையால் தைத்துவிடுவேன். பார்க்க அசிங்கம், ஆனால் நிற்கிறது.

மாட்டும்போது முன் விளிம்பு முதலில் பம்பரின் உதட்டுக்குள் போக வேண்டும். இரண்டு துண்டுகளாக வரும் கவரில் ஓடு வேய்கிற மாதிரி அடுக்கு உண்டு. முன் துண்டின் கடைசி விளிம்பு, பின் துண்டின் முதல் விளிம்புக்குக் கீழே வர வேண்டும். தலைகீழாகப் போனால் வேகத்தில் காற்று இடுக்கில் நுழைந்து கவரைக் கிழித்துவிடும். எல்லா போல்ட்டையும் கையால் பாதி ஏற்றிவிட்டு, பிறகுதான் இறுக்குவது. போல்ட் முடுக்கும் மின் துப்பாக்கி வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக் நசுங்கும்.

உபரி கிளிப் வாங்கும்போது தலையின் அளவைப் பார்க்காமல் துளையின் விட்டத்தையும், பிடிக்க வேண்டிய தகடுகளின் மொத்தத் தடிமனையும் அளந்து வாங்குங்கள். மலிவான கலவைப் பெட்டியில் பாதி பொருந்தாது, பொருந்துவதும் ஒரு கோடையில் உடையும். அடுத்த கார் வாங்கும்போது நான் குனிந்து பார்க்கப்போவது, கவர் முழுவதையும் கழற்றாமல் ஆயில் மாற்ற சர்வீஸ் மூடி தனியாக இருக்கிறதா, கால் சுற்றில் திறக்கும் ஸ்குரூ போட்டிருக்கிறார்களா என்பதைத்தான்.