நாயின் இதயத்துக்கு எனலாப்ரிலா, பிமோபெண்டானா?

பொமரேனியன், டேஷ்ஹண்ட் மாதிரி சின்ன நாய்களுக்கு வயதான பிறகு வருகிற இதய நோய் பெரும்பாலும் ஒன்றுதான். இடப்பக்கம் இருக்கும் மைட்ரல் வால்வு தடித்துப்போய்ச் சரியாக மூடாது. ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தம் பின்னோக்கிக் கசியும். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துவிட்டு ‘மர்மர் இருக்கு’ என்று சொல்வது அந்தச் சத்தத்தைத்தான். எங்கள் பொமரேனியனுக்கு அப்படிச் சொன்னபோது பேச்சில் அடிபட்டவை இரண்டு மாத்திரைகள்: எனலாப்ரில், பிமோபெண்டான். நாங்கள் பிமோபெண்டான் பக்கம் போனோம்.

விலையில் எனலாப்ரிலை அடித்துக்கொள்ள முடியாது. மனிதர்களுக்குத் தரும் அதே பிரஷர் மாத்திரை. தெருமுனை மெடிக்கலில் கிடைக்கும். பிமோபெண்டானுக்கு ஆகும் செலவு ஒவ்வொரு மாதமும் உறைக்கும். வேலை செய்கிற விதமும் வேறு. எனலாப்ரில் ரத்தக் குழாய்களைத் தளர்த்தி, உடம்பில் உப்பும் நீரும் தேங்குவதைக் குறைக்கப் பார்க்கிறது. பிமோபெண்டான் குழாய்களை விரிப்பதோடு இதயத் தசை சுருங்கும் வலுவையும் கூட்டுகிறது.

இதெல்லாம் எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. இதயம் செயலிழந்து நுரையீரலில் நீர் கோப்பதற்கு முன்பே கொடுத்தால் எது பயன் தரும் என்பதே என் முடிவைத் தீர்மானித்த கேள்வி. எங்கள் நாய் அப்போது நன்றாகச் சாப்பிட்டது, ஓடியது, இரைக்கவில்லை. ஆனால் எக்கோவில் இடது மேலறை பெரிதாகியிருந்தது. இந்தக் கட்டத்தை பி2 நிலை என்பார்கள்.

இந்தக் கட்டத்துக்கென்றே நடந்தது எபிக் என்ற ஆய்வு. 2016இல் வெளியானது, 360 நாய்கள். பாதிக்குப் பிமோபெண்டான், பாதிக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. இதயம் செயலிழக்கும் வரை, அல்லது இதய நோயால் நாய் இறக்கும் வரை ஆன காலத்தின் இடைநிலை அளவு வெறும் மாத்திரைக்கு 766 நாள். பிமோபெண்டானுக்கு 1228 நாள். ஏறக்குறைய பதினைந்து மாதம் கூடுதல். அதுவும் இரைப்பு இல்லாமல், தேங்கிய நீரை வெளியேற்றும் லாசிக்ஸ் மாத்திரை இல்லாமல் போகிற மாதங்கள். ஒரு சின்ன நாயின் ஆயுளில் அது எவ்வளவு பெரிய பங்கு!

எனலாப்ரிலையும் முன்கூட்டியே கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2002இல் வெளியான ஆய்வில் 229 கேவலியர் ஸ்பேனியல்களுக்குக் கொடுத்தும் இதயச் செயலிழப்பு தள்ளிப்போகவில்லை. 2007இல் வந்த வெட்ப்ரூஃப் ஆய்விலும் முதன்மைக் கேள்விக்குத் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. 2019இல் அமெரிக்கக் கால்நடை இதய மருத்துவ வல்லுநர்கள் வெளியிட்ட வழிகாட்டியும் பி2 நிலைக்குப் பிமோபெண்டானைப் பரிந்துரைக்கிறது. எனலாப்ரில் வகை மருந்துகளில் அவர்களுக்குள்ளேயே கருத்து ஒத்துப்போகவில்லை.

அதற்காக மர்மர் கேட்ட அன்றே பிமோபெண்டான் வாங்கிவிட வேண்டாம். இதயம் பெரிதாகாத பி1 நிலையில் எந்த மாத்திரையும் வேண்டியதில்லை. எக்கோவில் இடது மேலறையின் அளவு மகாதமனியைப்போல் 1.6 மடங்கையாவது எட்டியிருக்கிறதா, இடது கீழறையும் பெருத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எக்கோவுக்கு வழியில்லாத ஊரில் நெஞ்சு எக்ஸ்ரேயாவது எடுத்து இதய அளவைக் கணக்கிடச் சொல்லுங்கள். அந்தச் செலவை மிச்சம் பிடித்துவிட்டு மாதாமாதம் மாத்திரைக்குக் கொட்டுவதில் அர்த்தமில்லை.

பராமரிப்பில் பிமோபெண்டான் கொஞ்சம் கறார். காலை, இரவு இரண்டு வேளை, வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால். 5 கிலோ நாய் என்றால் வேளைக்கு 1.25 மில்லிகிராம் வரும். அளவை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் மாத்திரைக்காகவே நாயின் சாப்பாட்டு நேரம் மாறியது. பிமோபெண்டான் ஆரம்பித்த பிறகும் தூங்கும்போது மூச்சை எண்ணுகிறோம். நிமிடத்துக்கு 30ஐத் தாண்டி அப்படியே நின்றால் டாக்டரிடம் ஓட வேண்டும்.

நான் சொல்வதெல்லாம் வால்வு நோய் உள்ள சின்ன நாய்க்கு மட்டும். டாபர்மேனுக்கு வருவது தசை தளர்ந்து இதயம் விரிகிற வேறு நோய். பூனைக்குப் பெரும்பாலும் தசை தடிக்கிற நோய். அவற்றுக்கு இந்தக் கணக்கைப் பொருத்தக் கூடாது. நீர் கோத்த பிறகு வரும் கட்டமும் எனக்கு அனுபவமில்லாதது. 2008இல் வெளியான குவெஸ்ட் ஆய்வில் அந்தக் கட்டத்திலும் பிமோபெண்டான் பெனாசெப்ரிலை முந்தியது: இதய நோயால் இறக்கும் வரை, அல்லது சிகிச்சை பலிக்காமல் போகும் வரை ஆன காலத்தின் இடைநிலை அளவு 267 நாள், பெனாசெப்ரிலுக்கு 140 நாள். பெனாசெப்ரில் எனலாப்ரிலின் இனம்தான். ஆனால் அந்த நிலை வந்தால் இதுவா அதுவா என்ற கேள்விக்கே இடமிருக்காது, லாசிக்ஸ், பிமோபெண்டானோடு எனலாப்ரிலும் சேரலாம் என்று எங்கள் டாக்டர் இப்போதே சொல்லிவைத்திருக்கிறார். அப்போது ஓரிரு வாரத்தில் ரத்தம் எடுத்து, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டியிருக்கும்.